லாட்டும் பாலட்டும்



வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்தரமேரூரை அடையலாம். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுக்கள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையை அவை கூறுகின்றன. ஆங்கில நூல்களின் வாயிலாக அதனை முதலில் அறிந்த நான், அக்காலத்தவர் நம்மைப் போலவே வாக்களித்தனர் என்று தேர்வில் எழுதிவிட்டேன். இரண்டு சொற்களின் ஒலி என்னை ஏமாற்றிவிட்டது.

அவை ‘லாட்’, ‘பாலட்’ என்பன. செவிக்கு உடன்பிறந்தவை போல ஒலிக்கும் இவற்றிற்குப் பிறப்பால் உறவில்லை. ‘லாட்’ பழைய செருமானிய இனச் சொல், திருவுளச்சீட்டைக் குறிப்பது. ‘லாட்டரி’ அதன் உறவு. ‘பாலட்’ என்பதோ, சிறு உருண்டை எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. உருண்டைகளைப் பெட்டியிலிட்டு மறைவாக வாக்களித்தமையால் அமைந்த பெயர். திருவுளச்சீட்டில் முடிவு செய்வது தற்செயல். வாக்கில் முடிவு செய்வது மனிதரின் விருப்பம்.

உத்தரமேரூரில் நிகழ்ந்தது எது? ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டனர். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுத்துத் தந்தான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனைப் பெற்று, அனைவரும் கேட்கப் படித்தார். இவ்வாறு வந்தவரே ஆண்டு வாரியத்தில் 12 பேரும், தோட்ட வாரியத்தில் 12 பேரும், ஏரி வாரியத்தில் 6 பேரும் ஆயினர். எனவே இது ‘லாட்’, ‘பாலட்’ அன்று. பண்டைய ஏதென்சு நகரமும் 500 பேர் கொண்ட தன் மன்றத்தை இம்முறையிலேயே அமைத்தது.

இதனால் குடவோலையின் பெருமை குறையாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரும் குடத்தில் புகவில்லை. விரித்த விரல்கள் சூதுக்கு இடங்கொடுக்கவில்லை. ஆனால் அக்குடத்தின் வாய் மிகக் குறுகியது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35 முதல் 70 வரை வயதும் வேண்டும். பெரும்பாலோர்க்கு அங்கே இடமில்லை.

இன்று 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லார்க்கும் வாக்குண்டு. சீட்டு எடுத்த சிறுவனை யாரும் குறைகூற முடியாது. அவன் எதனையும் தெரிந்தெடுக்கவில்லை. நாமோ பெயரறிந்து தெரிந்தெடுக்கிறோம். ஆகவே விளைவுக்கும் நாமே பொறுப்பு.