பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்ஸா, டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4-ஆ? 20 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிமீ. நகராட்சி எல்லைக்குள் 60. மாநிலங்கள் இதைவிடக் குறைத்துக்கொள்ளலாம், கூட்ட முடியாது.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பைக்குகளைப் பார்ப்போம். பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் தருவது 145 குதிரைசக்தி. டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 தருவது 170. பெரிய அட்வென்ச்சர் டூரிங் பைக் வாங்க நினைக்கும் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். யூடியூப் விமர்சனங்களில் பாதி நேரம் அந்த 25 குதிரைசக்தி வித்தியாசத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் நம்ம ஊர்ச் சாலையில் அந்த 25-ஐப் பயன்படுத்த இடமே கிடையாது. தேர்வைத் தீர்மானிக்கும் விஷயங்கள் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இரண்டும் எங்கிருந்து வருகின்றன?

ஜிஎஸ் வரிசை 1980-ல் ஆர் 80 ஜி/எஸ் என்ற மாடலில் தொடங்கியது. இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 'பாக்ஸர்' இன்ஜின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற அமைப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆர் 1300 ஜிஎஸ் 2023 செப்டம்பரில் உலக அளவில் அறிமுகமாகி, 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது. அப்போதைய ஷோரூம் விலை ரூ.20.95 லட்சம்.

மல்டிஸ்ட்ராடா என்ற பெயர் 2003-ல் வந்தது. நீண்ட காலம் இரண்டு சிலிண்டர் பைக்காகவே இருந்தது. 2020 இறுதியில் 1,158 சிசி நான்கு சிலிண்டர் வி4 இன்ஜினுக்கு மாறியது. முன்னும் பின்னும் ரேடாருடன் உற்பத்திக்கு வந்த முதல் மோட்டார்சைக்கிள் இதுதான். இந்தியாவில் 2021-ல் அறிமுகமானபோது சாதாரண வி4 ரூ.18.99 லட்சம், வி4 எஸ் ரூ.23.10 லட்சம்.

ஒன்று பழைய யோசனையை விடாமல் மெருகேற்றிய பைக். இன்னொன்று ரேஸ் பைக் குடும்பத்திலிருந்து டூரிங்குக்கு வந்த பைக். கீழே வரும் பெரும்பாலான வித்தியாசங்களுக்கு வேர் இங்கேதான்.

குதிரைசக்தி இல்லையென்றால் எதைப் பார்ப்பது?

இழுவிசையை. அதாவது டார்க். அது எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்ஸின் உச்ச டார்க் 149 நியூட்டன் மீட்டர், 6,500 ஆர்பிஎம்மில். முக்கியமானது அந்த உச்சம் கிடையாது; 3,600 முதல் 7,800 வரை எங்கே இருந்தாலும் 130-க்குக் குறையாது என்கிறது நிறுவனம். மல்டிஸ்ட்ராடாவின் உச்சம் சுமார் 125 நியூட்டன் மீட்டர். அதைத் தொட இன்ஜின் 9,000 ஆர்பிஎம்மை நெருங்க வேண்டும். 170 குதிரைசக்தி முழுசாகக் கிடைப்பது 10,000-ஐத் தாண்டிய பிறகு.

பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் மலைப்பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் லாரி. இந்தச் சூழலில் கியரைக் குறைக்காமலேயே ஓவர்டேக் செய்ய வைப்பது ஜிஎஸ். மல்டிஸ்ட்ராடா அதே வேலையை ஒரு கியர் குறைத்துச் செய்யும், ஆனால் செய்யும்போது கிடைக்கும் சத்தமும் வேகமும் தனி ரகம். வால்பாறையின் வளைவுகளில் காலியான ஞாயிற்றுக்கிழமை காலையில் எது சிரிக்க வைக்கும் என்று கேட்டால் பலர் டுகாட்டி பக்கம்தான் கை காட்டுவார்கள்.

லடாக் போனால் இந்த எண்கள் மாறுமா?

மாறும், இரண்டுக்குமே. மணாலி - லே சாலையில் உள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60% மட்டுமே. டர்போ இல்லாத இன்ஜின் ஏறத்தாழ அதே விகிதத்தில் சக்தியை இழக்கும். ஆக 170 என்பது 100-ஐ ஒட்டியும், 145 என்பது 87-ஐ ஒட்டியும் வந்துவிடும். இரண்டுமே அங்கே தேவைக்கு மேல்தான்.

அங்கே உண்மையில் உறுத்துவது பெட்ரோல். அதே சாலையில் தாந்தி என்ற ஊரில் உள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கிமீ தள்ளி என்று எச்சரித்த பலகை பைக் ஓட்டுபவர்களிடையே ரொம்பப் பிரபலம். ஜிஎஸ்ஸின் டேங்க் 19 லிட்டர், மல்டிஸ்ட்ராடாவுடையது 22 லிட்டர். பெரிய டேங்க் கொண்டதுதான் அதிக தூரம் போகும் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ஜிஎஸ்: 100 கிமீக்கு 4.8 லிட்டர் என்பது நிறுவனம் சொல்லும் அளவு. 19 லிட்டரில் சுமார் 395 கிமீ.

மல்டிஸ்ட்ராடா: முதலில் வந்த வி4 மாடலுக்குச் சொல்லப்பட்டது 6.5 லிட்டர். 22 லிட்டரில் சுமார் 338 கிமீ.

2025 மாடலில், மெதுவாக ஓடும்போதும் பின்பக்க இரண்டு சிலிண்டர்களை அணைத்து வைக்கும் வசதி வந்திருப்பதால் இந்த இடைவெளி கொஞ்சம் குறையும். இவை சோதனைக்கூட எண்கள். சுமையோடு மலையேறும்போது இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் தரும். இருந்தாலும் ஒப்பீடு மாறாது: சின்ன டேங்க் பைக்தான் தூரம் போகிறது.

செயினா, ஷாஃப்ட்டா?

தினசரி வாழ்க்கையில் அதிகம் உணரப்படும் வித்தியாசம் இது. மல்டிஸ்ட்ராடாவில் செயின். ஐந்நூறு, அறுநூறு கிமீக்கு ஒருமுறை சுத்தம் செய்து லூப் அடிக்க வேண்டும். மழை, சேறு, மணல் என்றால் அன்றன்றைக்கே. பத்து நாள் பயணத்தில் தினமும் சாயங்காலம் லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்தால் மொத்த செட்டாக மாற்ற வேண்டும்.

ஜிஎஸ்ஸில் ஷாஃப்ட் மூடிய கூட்டுக்குள் சுழல்கிறது. சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் மறந்தே போகலாம். ஆனால் பழுதானால் ரோட்டோர மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது, செலவும் பெரிது. செயின் அறுந்தால் உள்ளூரில் ஏதாவது வழி பண்ணலாம்.

சர்வீஸ் யாருக்குச் சாதகம்?

இங்கே டுகாட்டி ஆச்சரியப்படுத்துகிறது. 'டுகாட்டி என்றால் சர்வீஸ் செலவு பயங்கரம்' என்பது பழைய பேச்சு. தன் அடையாளமான டெஸ்மோ வால்வு அமைப்பையே இந்த வி4 இன்ஜினில் கைவிட்டு, சாதாரண ஸ்பிரிங் வால்வுக்கு மாறியது டுகாட்டி. பலன், வால்வு இடைவெளி பார்ப்பது 60,000 கிமீக்கு ஒருமுறைதான். எண்ணெய் மாற்றுவது 15,000 கிமீ அல்லது 24 மாதம். ஜிஎஸ்ஸுக்கு சர்வீஸ் 10,000 கிமீ அல்லது ஓராண்டு.

ஆனால் காகிதத்தில் உள்ள இடைவெளியைவிட, சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிமீ என்பது முக்கியம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருந்துகொண்டு ஒவ்வொரு முறையும் வேறு ஊருக்கு பைக்கை ஓட்டிப் போய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்ப வேண்டியிருந்தால், இரண்டு வருடத்துக்கு ஒரு சர்வீஸ் மிச்சமாவதே பெரிய விஷயம். எது பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆகிறது என்பதை டீலரிடம் கேட்காமல், ஏற்கெனவே பைக் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். 20% எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாமா என்பதை மட்டும் டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடையும் உயரமும்

ஜிஎஸ் 237 கிலோ. மல்டிஸ்ட்ராடா வேரியன்ட்டைப் பொறுத்து 240 கிலோவை ஒட்டி. எண்ணில் சமம். ஓட்டும்போது சமம் கிடையாது. பாக்ஸர் இன்ஜினில் கனம் கீழே இருப்பதால் யு-டர்ன், பார்க்கிங் போன்ற மெதுவான வேலைகளில் ஜிஎஸ் லேசாகத் தெரியும். அதன் விலை, கீழே விழுந்தால் முதலில் தரையில் மோதுவது வெளியே நீட்டியிருக்கும் சிலிண்டர்தான். கிராஷ் பார் அவசியம் போட வேண்டும்.

சீட் உயரம் ஜிஎஸ்ஸில் 850 மிமீ, மல்டிஸ்ட்ராடாவில் 840 அல்லது 860 என மாற்றிக்கொள்ளலாம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இரண்டுமே நுனிக்கால் பைக்தான். பைக் நிற்கும்போது தானாக 30 மிமீ தாழும் வசதி இரண்டு நிறுவனத்திலும் சில வேரியன்ட்களில் உண்டு. உயரம் குறைவானவர்கள் ரேடார், பெரிய திரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வசதிக்குப் பணம் கொடுப்பது நல்லது.

வெயிலும் முக்கியம். நான்கு சிலிண்டர் இன்ஜின் காலுக்கு நடுவில் இருப்பதால் சிக்னலில் சூடு ஏறும். இதற்காகவே நிற்கும்போது பின்பக்க சிலிண்டர்களை டுகாட்டி அணைத்துவிடுகிறது. அப்படியும் சென்னை மே மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை நீங்களே ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஜிஎஸ்ஸின் சிலிண்டர்கள் வெளியே காற்றில் இருக்கின்றன.

ஆஃப்-ரோடில் எது?

இரண்டுக்கும் முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 17. டயர் அளவுகூட ஒன்றுதான். மண்சாலை, ஜல்லி, சின்ன ஓடை எல்லாவற்றையும் இரண்டும் தாண்டும். உண்மையில் கடினமான பாதைதான் உங்கள் ஆசை என்றால் இரண்டுமே பொருத்தமில்லை. 196 கிலோ எடை, 21 அங்குல முன்சக்கரம் கொண்ட, சென்னையை ஒட்டித் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 அந்த வேலைக்கு மேல். 2023 நவம்பரில் அது ரூ.2.69 லட்சத்தில் தொடங்கியது. கீழே போட்டால் தனியாகத் தூக்கவும் முடியும்.

உண்மையான செலவு எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40%. அதற்கு முன் செஸ் சேர்த்து 31%. ஜிஎஸ்ஸின் அறிமுக விலையை எடுத்து, மற்றவை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், வரி மாற்றம் மட்டுமே சுமார் ரூ.1.44 லட்சம் கூட்டி ரூ.22.4 லட்சத்துக்குக் கொண்டுபோகும். இன்றைய சரியான விலையை டீலரிடம் கேளுங்கள். கீழே உள்ளது கணக்குப் போடும் முறைக்காக.

சாலை வரி: தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12%, கர்நாடகாவில் 18%. ரூ.22 லட்சத்துக்கு தோராயமாக ரூ.2.64 லட்சம், ரூ.3.96 லட்சம். பெங்களூருவில் வேலை பார்த்துக்கொண்டு ஊர் முகவரியில் பதிவு செய்யலாமே என்று தோன்றும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

கடன்: ரூ.20 லட்சம், 10% வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ.42,500. மொத்த வட்டி ரூ.5.5 லட்சம். வருடத்துக்கு 8,000 கிமீ ஓட்டினால் 5 ஆண்டில் 40,000 கிமீ. அதாவது கிமீக்கு வட்டி மட்டும் கிட்டத்தட்ட ரூ.14. லிட்டர் ரூ.100 என்றால் பெட்ரோல் ஜிஎஸ்ஸில் கிமீக்கு ரூ.5-க்குள், மல்டிஸ்ட்ராடாவில் ரூ.6.50. இரண்டுக்கும் பெட்ரோல் வித்தியாசம் 5 ஆண்டில் சுமார் ரூ.68,000. வட்டிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ஆக எந்த பைக் என்பதைவிட, எவ்வளவு கடன் என்பதுதான் பெரிய கேள்வி. தவணை உங்கள் வாடகையைத் தாண்டுகிறது என்றால், பயணத்துக்கு விடுப்பும் பணமும் மிச்சம் இருக்குமா என்று யோசியுங்கள். நிறுத்தியே வைத்திருக்கும் பைக்குக்கும் வட்டி ஓடும்.

சாலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயிலும் இல்லை. 22 லட்சம் பைக்காக இருந்தாலும் ஸ்கூட்டரோடு சேர்ந்து சர்வீஸ் ரோடுதான்.

ஷோரூமில் என்ன செய்து பார்க்க வேண்டும்?

1. ரைடிங் பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்காருங்கள். சமதளத்தில் மட்டுமல்ல, சரிவிலும்.

2. இன்ஜினை அணைத்துவிட்டு பைக்கைப் பின்னோக்கித் தள்ளி பார்க்கிங்கில் நிறுத்திப் பாருங்கள். உங்கள் அபார்ட்மென்ட்டில் தினமும் செய்யப்போவது இதுதான்.

3. காலை 7 மணி டெஸ்ட் ரைடு வேண்டாம். நெரிசல் நேரத்தில் 20 நிமிடம் கேளுங்கள்.

4. கூட வரப்போகிறவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் பாதிப் பயணம் ரத்து.

கடைசியில் எது?

வருடத்துக்கு ஒரு நீண்ட பயணம், பின்னால் ஆள், பெட்டி நிறைய சுமை, ஹிமாச்சல், லடாக், கெட்ட சாலை: ஜிஎஸ். குறைந்த ஆர்பிஎம் இழுவிசை, ஷாஃப்ட், அதிக தூரம் போகும் டேங்க் மூன்றும் அதற்காகவே இருக்கின்றன.

பெரும்பாலும் தனியாக, நல்ல தார்ச்சாலையில், மலை வளைவுகளுக்காகவே ஓட்டுபவர், செயின் பராமரிப்பைத் தொல்லையாக நினைக்காதவர், சர்வீஸ் சென்டருக்கு அடிக்கடி போக முடியாதவர்: மல்டிஸ்ட்ராடா வி4.

தள்ளி நிறுத்தும் சோதனையில் இரண்டுமே திணற வைத்தால், அந்தப் பணத்தில் ஹிமாலயன் 450-ஐ வாங்கிக்கொண்டு மீதியில் பல வருடப் பயணத்துக்கான செலவை ஒதுக்கிவிடலாம். 80 கிமீ வேகத்தில் அதுவும் அதே கணவாய்களுக்குத்தான் போகிறது.