வீட்டு ஆட்களை வெளிவிவகாரமாக்கிய அமைச்சு

வெளிவிவகார அமைச்சு என்றதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது, வெளிநாடு போகச் சான்றிதழ்களை உறுதிப்படுத்த நிற்கிற வரிசைதான். அதற்கு அப்பால் அது தூதுவர்களுடைய உலகம், எங்களுக்கும் அதுக்கும் என்ன என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த நாட்டில் லட்சக்கணக்கான தமிழர்களின் தலைவிதியை எழுதியதில் அந்த அமைச்சுக்கும் பங்கு இருக்கிறது.

சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பு, பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் பிரதமரே வைத்திருக்க வேண்டும் என்றது. டி.எஸ். சேனாநாயக்க தொடக்கம் சிறிமாவோ பண்டாரநாயக்க வரை அதுதான் நடைமுறை. தனி வெளிவிவகார அமைச்சராக ஏ.சி.எஸ். ஹமீட் வந்தது 1977இல்தான்.

அந்த முப்பது வருடங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்வது பெருமைக் கதை. 1955இல் ஐ.நா. அங்கத்துவம். 1957இல் திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்களை பிரித்தானியரிடமிருந்து மீளப் பெற்றது. 1976இல் கொழும்பில் அணிசேரா நாடுகளின் மாநாடு. எல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொரு கதையும் இருக்கு.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவர்களிடம் அந்தக் காலத்துப் பதிவுகள் எங்கே? மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். இங்கேயே உழைத்துக்கொண்டிருந்தவர்களின் பிரச்சினை, அதன்பிறகு கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையிலான 'வெளி' விவகாரமாயிற்று. 1954இல் நேருவும் கொத்தலாவலயும் ஒப்பந்தம் செய்தார்கள், தீரவில்லை.

1964 ஒக்டோபரில், பிரதமரும் வெளிவிவகார அமைச்சருமாக இருந்த சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் கையெழுத்திட்டார். கணக்கு இதுதான்: மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். யார் போக விரும்புகிறார், யார் இருக்க விரும்புகிறார் என்று கேட்க முதலே எண்ணிக்கை முடிவாகிவிட்டது. ஒரே குடும்பத்தில் சிலர் இங்கே, சிலர் அங்கே என்று ஆனது இந்தக் கணக்கால்தான்.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. 1948இலிருந்து 55 வருடங்கள்.

அணிசேரா வரலாற்றைப் படிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உலக அரங்கில் சிறிய நாடுகளின் குரலையும் கேட்க வேண்டும் என்று வாதாடிய அதே மேசையில், தோட்டத்து மக்களின் குரல் கேட்கப்படவே இல்லை. இரண்டையும் ஒரே வரலாறாகப் படிக்க வேண்டும் என்கிறோம்.