கொர்லாயின் மொழி

போர்த்துக்கீசியர் 1740இல் சவுல் கோட்டையை மராத்தியரிடம் விட்டு வெளியேறினர். மும்பைக்குத் தெற்கே கொங்கண் கடலோரத்தில், சவுலை அடுத்துள்ள கொர்லாயில், கத்தோலிக்கர்கள் இன்றளவும் ஒரு போர்த்துக்கீசியக் கிரியோல் மொழியைப் பேசி வருகின்றனர். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘நோ லிங்’. நம் மொழி என்று பொருள்.

இதனைப் ‘பழைய ஆட்சியின் எச்சம்’ என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. சொற்களிற் பெரும்பாலானவை போர்த்துக்கீசியமே. ஆனால் போர்த்துக்கீசியத்தில் செயப்படுபொருளுக்கு முன் நிற்கும் வினை, இங்கே மராத்தியிற்போல (தமிழிலும் அப்படித்தானே!) வாக்கிய இறுதிக்கு நகர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தாருடன் தலைமுறை தலைமுறையாகப் பேசியதன் விளைவு இது. உறைந்துபோன எச்சம் இலக்கணத்தை மாற்றிக்கொள்ளாது.

பேச்சு கலந்தது, மணவுறவு கலக்கவில்லை. மதத்தால் இந்துக்களிடமிருந்தும் முஸ்லிம்களிடமிருந்தும், சாதியால் மேல்சாதிக் கிறித்தவரிடமிருந்தும் இம்மக்கள் விலக்கப்பட்டிருந்தனர் என்பதை இம்மொழியை விரிவாக ஆராய்ந்த கிளான்சி கிளெமென்ட்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். அரசு போன பின்னும் மொழி நிலைத்ததற்கு அவ்விலக்கமும் ஒரு காரணம். இன்று பள்ளியும் வேலையும் அந்த வேலியைத் தளர்த்துகின்றன. கூடவே மராத்தி வீட்டுக்குள் நுழைகிறது. மொழி அருகுவதை எண்ணி வருந்தும் என்னால், வேலி தளர்வதற்காக வருந்த இயலவில்லை.