குமாரமங்கலம் டு ஆக்ஸ்போர்டு

ரெண்டாவது வருஷம் காலேஜ் மாறலாம்னு நான் டிசி கேட்டேன். கட்டின ஃபீஸ் திரும்ப வராதுன்னாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. அங்கேயே முடிச்சேன்.

அதனாலயோ என்னவோ, எங்க நாமக்கல் பக்கத்துக்காரர் ப. சுப்பராயன் கதை எனக்கு உறுத்தும். திருச்செங்கோடு பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1889ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். அங்கிருந்து ஆக்ஸ்போர்டு, வாடம் கல்லூரி. 1926ல் சென்னை மாகாண முதலமைச்சர். திறமைசாலிதான், மறுக்கலை. ஆனா ஒரு ஊர்ப் பையன் ஆக்ஸ்போர்டு போக, ஒரு ஜமீனே பின்னாடி நிக்க வேண்டியிருந்தது. அந்த ஜமீனுக்கு வரி கட்டின விவசாயிகளோட பசங்க எந்தக் காலேஜுக்குப் போனாங்க?

சுப்பராயனோட மகள் பார்வதி கிருஷ்ணனும் ஆக்ஸ்போர்டில்தான் படித்தார். திரும்பி வந்தது கம்யூனிஸ்டா.