மறைந்தோரை நினைக்கும் மொழி: தமிழ், கன்னட இரங்கல் வழக்குகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தென்கிழக்குப் பெங்களூரில் கோரமங்கலாவுக்கும் தொம்மலூருக்கும் அண்மையில் அமைந்துள்ள ஈஜிபுரா, கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் அன்றாடம் கலந்து வழங்கும் பகுதியாகும். பல மொழியினரும் தமக்குரியவராகக் கருதிய கலைஞர் ஒருவர் மறையும்போது, இத்தகைய பகுதிகளில் இரங்கல் ஒரே வேளையில் பல மொழிகளில் எழுகிறது. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் (25 செப்டம்பர் 2020), புனீத் ராஜ்குமார் (29 அக்டோபர் 2021), வாணி ஜெயராம் (4 பிப்ரவரி 2023), பி. சரோஜாதேவி (14 ஜூலை 2025) ஆகியோரின் மறைவுகள் அண்மைக் காலச் சான்றுகள். இத்தகைய இரங்கலை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பாளர் எதனைப் பெயர்க்க வேண்டும் என்னும் வினாவை, இரங்கல் மொழியின் வரலாற்றுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கல்லில் அமைந்த நினைவு

தமிழில் இறந்தோரை நினைக்கும் பொது வடிவங்களுள் தொன்மையானது நடுகல். தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் நிலைகளை நிரல்படக் கூறுகிறது. கல்லைத் தேர்தலில் தொடங்கி வாழ்த்துதலில் முடியும் இவ்வரிசை, நினைவு என்பதை ஊரார் கூடிச் செய்யும் தொடர் வினையாகக் காட்டுகிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களும், திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் வட்டாரத்து நடுகற்களும் இவ்வழக்கின் நீண்ட தொடர்ச்சிக்குச் சான்றாகின்றன. இவற்றின் வாசகம் பெரும்பாலும் சுருக்கமானது. இறந்தவர் யார், எந்தப் பூசலில் பட்டார் என்பனவே அதில் முதன்மை பெறுகின்றன. இறந்தவரைப் பற்றிய அடைமொழிகள் குறைவு.

பெங்களூர் வட்டாரத்திலும் இம்மரபு கன்னட மொழியில் செழித்திருந்தது. ஹெப்பாளத்தில் கிடைத்த கிட்டய்யன் வீரக்கல் ஏறத்தாழ கி.பி. 750ஐச் சார்ந்தது. ஈஜிபுராவுக்குத் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பெங்களூருப் போரில் மாண்ட ஒருவரைக் குறிப்பது. இந்நகரின் பெயருக்குக் கிடைக்கும் மிகத் தொன்மையான எழுத்துச் சான்றாக அதனையே ஆய்வாளர் காட்டுவர். இறந்த ஒருவருக்காகப் பொறித்த வரியால் ஓர் ஊரின் பெயரும் வரலாற்றில் நிலைத்தது என்பது கருதத்தக்கது. தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் நினைவுக்கற்கள் அல்ல, கொடை குறித்தவை. எனினும், பெயரைக் கல்லில் நிறுத்தும் பணியை இப்பகுதியில் இரு மொழிகளும் செய்து வந்துள்ளமை அவற்றால் புலனாகிறது.

கையறுநிலை

கல் இறந்தவரின் பெயரையும் செயலையும் கூற, இலக்கியம் எஞ்சியோரின் நிலையைக் கூறிற்று. அதுவே கையறுநிலை. செய்வது அறியாது கையற்று நிற்றல் என்பது இத்துறைப் பெயரின் பொருள். இறந்தவரைக் குறிக்காமல் இரங்குவோரின் நிலையைக் குறிக்கும் பெயராக இஃது அமைந்திருப்பது மொழியியலார் கருத்திற் கொள்ளத்தக்கது. பாரி மகளிர் தந்தையை இழந்து பாடியதும், அதியமானை இழந்த ஔவையார் பாடியதும், கோப்பெருஞ்சோழனுக்குப் பொத்தியார் இரங்கியதும் புறநானூற்றில் இடம்பெறுகின்றன. குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனுக்காக இரங்கும் பாட்டில், மாந்தரை விடுத்து முல்லையை விளித்துப் பேசுகிறார். இறந்தவர் இல்லாத உலகம் முன்போலவே இயங்குவதுதான் அங்கே துயரின் அளவுகோல்.

அச்சுக் கால மாற்றங்கள்

அச்சுப் பண்பாடு பரவியபின் இரங்கலுக்குரியோர் வரிசை விரிந்தது. வேந்தரும் வள்ளல்களும் பெற்ற இடத்தைக் கலைஞரும் அறிஞரும் பெறலாயினர். 1906இல் மறைந்த ஓவியர் இரவிவர்மாவையும், அதே ஆண்டில் மறைந்த இசை அறிஞர் சுப்பராம தீட்சிதரையும் குறித்துப் பாரதியார் பாடியமை இம்மாற்றத்தின் அடையாளம். உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்தது 1876இல். அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்த நினைவு, விரிவான செய்திகளடங்கிய உரைநடை வரலாறாக வடிவெடுத்தது.

இலங்கைத் தமிழரிடையே இறந்தோர் மீது சரமகவி பாடும் வழக்கு வேரூன்றியது. இறந்தவரின் வரலாற்றையும் இரங்கற்பாக்களையும் அச்சிட்டு வழங்கும் நினைவு நூலுக்குக் ‘கல்வெட்டு’ என்னும் பெயர் அங்கு வழங்குகிறது. பொருள் கல்லிலிருந்து தாளுக்கு மாறியபோதும் சொல் மாறாதிருப்பது, பெயரையும் செயலையும் பொறித்தல் என்னும் பழைய கருத்து தொடர்வதைக் காட்டுகிறது.

இறப்பைக் கூறும் சொற்கள்

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவர். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது மங்கல வழக்கிற்கு உரைகள் தரும் சான்று. இது வெறும் இலக்கண விதியன்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் எனப் புறநானூற்றுக் கொளுவும், ஆனைமேற்றுஞ்சின தேவர் எனச் சோழர் கல்வெட்டும் அரசரைக் குறிக்கின்றன. பிற்கூறிய தொடர் கி.பி. 949இல் தக்கோலப் போரில் இறந்த இராசாதித்தனைச் சுட்டும். இறந்த இடத்தைக் கூறும் தொடரே இறந்தவரின் பெயராக நிலைத்தது.

இன்றைய வழக்கில் காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவபதம் அடைந்தார் முதலியன வழங்குகின்றன. இவை ஒரே பொருளன போலத் தோன்றினும் ஒன்றற்கு ஒன்று மாற்றாவதில்லை. இயற்கை எய்தினார் என்பதைப் பகுத்தறிவுச் சார்புடையோர் விரும்பி ஆள்வர். சிவபதம் சமயச் சார்பைக் காட்டும். மறைந்தார் என்பது பொதுவாழ்வில் அறியப்பட்டோர்க்குப் பெரிதும் உரியதாகி, ‘மறைந்த’ என்னும் பெயரெச்சமாகப் பெயருக்கு முன் நிற்கிறது. கன்னடத்தில் லிங்கைக்யராதரு என்பது வீரசைவ மரபினர்க்கும், நிதனராதரு என்பது பொதுச் செய்திக்கும் உரியன.

இரு மொழிச் சொற்களின் ஒப்புமையும் வேறுபாடும்

கன்னட, தமிழ் அறிவிப்புகள் அருகருகே நிற்கும் ஈஜிபுரா போன்ற இடங்களில் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தருவன வேற்றுச் சொற்கள் அல்ல, ஒத்த சொற்களே. மூன்று சான்றுகளைக் காணலாம்.

முதலாவது, அகலித என்னும் கன்னடச் சொல். இது தமிழ் அகல் என்பதோடு இனமுடையது. பிரிந்து சென்ற என்னும் பொருளில் இறந்தோரைக் குறிக்கும். தமிழில் ‘எம்மை அகன்ற கலைஞர்’ என எழுதின், அவர் உயிரோடு விலகிச் சென்றதாகவே பொருள்படும்.

இரண்டாவது, கம்பனி என்னும் சொல். நிறுவனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. கண், பனி என்பவற்றின் புணர்ச்சி இது. சங்க இலக்கியமும் கண்ணீரைப் பனி எனக் கூறும். இன்றைய தமிழில் அவ்வழக்கு அருகிவிட்டது. கன்னடத்திலோ நாளிதழ்த் தலைப்பிலும் கம்பனி வாழ்கிறது. தமிழ் கைவிட்ட சொல்லை அண்டை மொழி இரங்கலுக்கெனக் காத்து வைத்துள்ளது எனலாம்.

மூன்றாவது சான்று நுட்பமானது. தமிழில் மற என்பதும் மறை என்பதும் தனித்தனி வினைகள். கன்னடத்தில் றகரம் ரகரத்தோடு ஒன்றியதாலும் ஈற்று ஐகாரம் எகரமாய் நிற்பதாலும் இரண்டும் ‘மரெ’ என்றே ஒலிக்கின்றன. மரெயாத என்றால் மறைந்துபோன என்பது பொருள். இதிலுள்ள ‘ஆத’ ஆன என்பதற்கு ஈடானது. மரெயத எனக் குறிலாக ஒலிப்பின் மறவாத எனப் பொருள்படும். தமிழ் எழுத்தில் மரெயாத எனக் காண்பவர் அதனை எதிர்மறைப் பெயரெச்சமாகக் கொண்டு ‘மறையாத’ எனப் பெயர்த்தல் எளிது. அவ்வாறு பெயர்ப்பின், ஒருவர் இறந்தார் என்னும் செய்தி அவர் இறவாதவர் என்னும் புகழுரையாகத் திரிந்துவிடும்.

இலக்கணக் கூறுகளோடு விளிமுறையும் கருதத்தக்கது. புனீத் ராஜ்குமார் மறைந்தபோது ‘மத்தெ ஹுட்டி பா அப்பு’ என்னும் தொடர் பரவலாக எழுதப்பட்டது. மீண்டும் பிறந்து வா என ஒருமையில் விளிப்பது அது. மரியாதை கருதி ‘வாருங்கள்’ எனப் பெயர்ப்பவர், 46 வயதில் இறந்த ஒருவரை வீட்டுப் பிள்ளையாக எண்ணிய உறவை இழந்துவிடுகிறார். இறந்தவரை நேர்நின்று விளிக்கும் கையறுநிலை மரபு தமிழில் இருத்தலின், இவ்வொருமையைத் தமிழ் தயக்கமின்றி ஏற்கும்.

பட்டங்கள் கூறும் வரலாறு

பெங்களூரில் 1938இல் பிறந்த சரோஜாதேவி 1955இல் ‘மகாகவி காளிதாஸ’ என்னும் கன்னடப் படத்தின் வழித் திரையுலகில் நுழைந்தார். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ அவரைத் தமிழ்நாட்டில் நிலைபெறச் செய்தது. 1961இல் ‘கித்தூர் சென்னம்மா’வாக நடித்தார். தமது 87ஆம் வயதில், பிறந்த நகரிலேயே மறைந்தார். கன்னட இரங்கல்கள் அவரை ‘அபிநய சரஸ்வதி’ என்றன. தமிழ் இரங்கல்கள் ‘கன்னடத்துப் பைங்கிளி’ என்றன. முன்னது அவர் கலையைக் கூறுகிறது. பின்னது, அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அன்போடு கூறுகிறது. தமிழ்ப் பட்டத்தைக் கன்னடத்தில் அப்படியே பெயர்ப்பின் அதன் பொருள் வெறுமையாகும். கன்னடர்க்கு அவர் கன்னடத்தவர் என்பது செய்தியன்று. பெயர்ப்பவர் இரண்டையும் நிறுத்தி, எப்பட்டம் எம்மொழியினர் தந்தது எனக் குறிப்பதே இரு மக்களின் நினைவுக்கும் நேர்மை செய்வதாகும்.

முடிவுரை

பெயர், செயல், எஞ்சியோர் நிலை ஆகிய மூன்றும் தமிழ் இரங்கலின் தொன்மையான உறுப்புகள். கல் முன்னிரண்டைக் காத்தது. கையறுநிலை மூன்றாவதைக் காத்தது. இன்றைய சுவரொட்டியில் கண்ணீர் அஞ்சலி, ஷ்ரத்தாஞ்சலி போன்ற நிலைத்த தொடர்கள் மேலோங்க, செயல் பெரும்பாலும் பட்டத்துள் சுருங்கிவிட்டது. அஞ்சலிக்கு அஞ்சலி எனச் சொல்லை மாற்றி வைப்பது எளிது. ஆனால் மறைந்தவர் அம்மொழியினர்க்கு எவ்வாறு உறவினர், அவர் செய்தது யாது, அவரை இழந்து நிற்போர் யாவர் என்பனவற்றைக் கண்டு பெயர்த்தால் மட்டுமே இரங்கல் மறுமொழியில் இரங்கலாக நிற்கும். பேகூர்க் கல்லைப் பொறித்தவர் ஒருவர் மாண்ட போரின் பெயரைத் தவறாது எழுதியதால் பதினொரு நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வரி பயன்படுகிறது. இரங்கலை எழுதுவோரும் பெயர்ப்போரும் காக்க வேண்டியது அத்தகைய செய்தித் திட்பமேயாகும்.