எருமைக்கு உப்பு, மனுஷனுக்கு பொட்டாசியம்

நீலகிரித் தோடர்கள் வருஷத்தில் சில முறை தங்கள் எருமைகளுக்கு உப்பு கொடுப்பார்கள். சும்மா ஒரு கை அள்ளிப் போடுகிற விஷயமில்லை. ஓடைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, உப்பைக் கரைத்து, அதற்கான முறைகளோடு மந்தையைக் குடிக்க விடுவார்கள். நூறு வருஷத்துக்கு முன் தோடர்களோடு சில மாதங்கள் இருந்து எழுதிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 'தி தோடாஸ்' (1906) என்ற தன் தடித்த புத்தகத்தில் இதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். படகர்களிடமும் மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் காட்டுகிற ஒரு பண்டிகை உண்டு, உப்பட்டுவ ஹப்பா.

சடங்கைப் பற்றி மானிடவியல்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு எழுந்த கேள்வி வேறு. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில், கீழ்நாட்டிலிருந்து மூட்டை கட்டி ஏற்ற வேண்டிய ஒரு பொருளை எருமைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அதே காட்டில் திரியும் புலிக்கு யாரும் உப்பு வைப்பதில்லையே?

இந்தக் கேள்வியை 1870களில் ஒருவர் கேட்டிருக்கிறார். குஸ்தாவ் ஃபான் புங்கே. இன்றைய எஸ்தோனியாவில் இருக்கும் தார்த்து நகரத்தில் (அன்றைய பெயர் டோர்பட்) வேலை பார்த்த உடலியங்கியல்காரர். புல் தின்னும் மிருகங்கள் உப்பைத் தேடி அலைகின்றன, மாமிசம் தின்பவை தேடுவதில்லை. காரணம் தாவரத்தில் குவிந்திருக்கும் பொட்டாசியம்தான் என்றார் அவர். பொட்டாசியம் உள்ளே போனால் சோடியத்தைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது, இழந்ததை ஈடுகட்ட மிருகம் உப்பைத் தேடுகிறது என்பது அவருடைய விளக்கம். மனுஷன் வாயால் சொன்னதோடு விடவில்லை. தானே பொட்டாசியம் உப்புகளைச் சாப்பிட்டு, தன் சிறுநீரில் சோடியம் கூடுகிறதா என்று அளந்து, 1873ல் வெளியிட்டார். கூடத்தான் செய்தது.

புங்கேயின் கணக்கு முழுக்கச் சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. பொட்டாசியத்துக்கு உடம்பு சில நாட்களில் பழகிவிடும். மேய்ச்சல் மிருகங்களின் பிரச்சினை பெரும்பாலும் புல்லில் சோடியமே இல்லாததுதான். கொட்டுகிற மழை மலை மண்ணின் சோடியத்தை அரித்துக்கொண்டு போய்விடும்; செடி பொட்டாசியத்தைத் தேடி உறிஞ்சும், சோடியத்தைக் கண்டுகொள்ளாது. ஆஸ்திரேலியாவின் பனிமலைப் பகுதியில் முயல்களும் கங்காருகளும் இதே சோடியப் பஞ்சத்தில் இருப்பதை 1960களில் டெரிக் டென்டன் குழுவினர் காட்டினார்கள். ஆக, எருமைக்கு உப்பு வைத்தவர்கள் சரியான வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

எனக்கு சுவாரஸ்யமாகப் படுவது புங்கேயின் பரிசோதனை தலைகீழாகத் திரும்பிய விதம். "பொட்டாசியம் சோடியத்தை வெளியே தள்ளுகிறது" என்பது அவருக்கு ஒரு நஷ்டக் கணக்கு. இன்றைய இதய மருத்துவத்துக்கு அதுவே வரவு. சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப ரத்தத்துக்கு இழுக்கிற ஒரு வாசல் இருக்கிறது. சாப்பாட்டில் பொட்டாசியம் குறைந்தால் அந்த வாசல் அகலமாகத் திறந்து உப்பைச் சேமிக்கும். பொட்டாசியம் போதுமான அளவு வந்தால் மூடும், உப்பு வெளியேறும், ரத்த அழுத்தம் இறங்கும். பிரஷருக்குக் கொடுக்கும் தயசைட் வகை மாத்திரைகள் அடைப்பதும் இதே வாசலைத்தான். பொட்டாசியம் குளோரைடு கொடுத்து ரத்தக்கொதிப்பைக் குறைத்ததாக டொரன்டோ மருத்துவர் அடிசன் 1928லேயே எழுதினார். அப்புறம் பல வருஷம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது நம்ம தட்டுக்கு வருவோம். சோறு சாப்பிடுகிறவனுக்கு உப்பு அதிகம் தேவைப்படாது, உருளைக்கிழங்கு சாப்பிடுகிறவனுக்குத்தான் தேவை என்பது புங்கேயின் இன்னொரு வாதம். அரிசியில் பொட்டாசியம் அவ்வளவு சொற்பம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு குறைந்தது 3,510 மில்லிகிராம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் இருப்பது சுமார் 35. சோற்றிலிருந்து மட்டும் எடுப்பதென்றால் 10 கிலோ சாப்பிட வேண்டும்! ஊட்டி உருளைக்கிழங்கோ வேறு எந்த ஊர்க் கிழங்கோ, 100 கிராமுக்கு 400ஐ ஒட்டி வரும். காய்ந்த அவரைக் கொட்டையில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல். படகர் வீடுகளில் அவரையும் உருளையும் சேர்த்து வைக்கும் உதக்க குழம்பு இந்தக் கணக்கில் முதல் பெஞ்ச்.

மறுபக்கம் உப்பு. சென்னையில் 2007ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒருவர் நாளுக்குச் சாப்பிடும் உப்பு சராசரியாக 8.5 கிராம். பரிந்துரை 5 கிராமுக்குக் கீழே. புங்கே கணக்குப்படி உப்பு குறைவாகத் தேவைப்படும் நாம்தான் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று வளைத்துக் கட்டுகிறோம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் உப்புப் போட்ட டீ குடிப்பது பழைய வழக்கம். அங்கே செய்து 2002ல் வெளியான ஆய்வில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தக்கொதிப்பு. சாராயம், புகையிலையோடு கூடுதல் உப்பும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. எருமைக்குப் பொருந்திய வைத்தியம் மனுஷனுக்குப் பொருந்தவில்லை.

தோடர் மந்துகளிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் குன்னூர். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் 1918ல் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியை ராபர்ட் மெக்காரிசன் தொடங்கினார். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறப்பிடம் அதுதான் (1958ல் இடம் மாறியது). சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், வங்காளிகள், மதராஸிகள் என்று ஒவ்வொருவர் சாப்பாட்டையும் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய் தின்ற சீக்கிய எலி முதலிடம். நம்ம மதராஸி எலி கடைசி.

அவர் பார்த்தது வளர்ச்சியையும் நோயையும், ரத்த அழுத்தத்தை அல்ல. ஆனால் அந்தச் சாப்பாட்டுப் பட்டியல்களை இன்று எடுத்து வைத்துப் பார்த்தால், மேலே இருப்பவை பொட்டாசியம் கூடியவை, கீழே இருப்பவை குறைந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பின் 1935ல் வந்த அய்க்ராய்ட் குழுவினர், அரிசியைத் தீட்டுவதிலும் கழுவுவதிலும் வடிப்பதிலும் எவ்வளவு சத்து போகிறது என்று உட்கார்ந்து அளந்தார்கள். அவர்கள் கவலை பி1 வைட்டமின். பொட்டாசியமும் தண்ணீரில் கரையும் சரக்குதான். வடித்த கஞ்சியோடு அதுவும் போகும்.

பெரிய அளவில் நிரூபணம் வந்தது 2021ல், சீனாவிலிருந்து. 600 கிராமங்கள், 20,995 பேர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய பிரஷர்காரர்கள். பாதி கிராமங்களுக்கு 75 சதவீதம் சாதா உப்பு, 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தொடர்ந்ததில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்தன. (தேயிலைக்குப் போடும் சிவப்பு பொட்டாஷும் வேதியியல்படி இதே பொட்டாசியம் குளோரைடுதான். அதற்காக உர மூட்டையில் கை வைத்துவிடாதீர்கள்.)

இதைப் படித்துவிட்டு என் அப்பா ஒரு குறைந்த சோடியம் உப்பு பாக்கெட் வாங்கி வந்தார். அவர் தினமும் போடுவது டெல்மிசார்டான். அந்த வகை மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைப்பவை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கூடுதல் பொட்டாசியம் வெளியே போய்விடும். இல்லையென்றால் ரத்தத்தில் தேங்கும், தேங்கினால் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். சீன ஆய்விலேயே தீவிர சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளை விலக்கித்தான் சொன்னது. பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் கொடுத்தோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, சாதா உப்பையே அளவைக் குறைத்துப் போடுங்கள், காயும் பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.

பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு வழி இதற்கு நேர் எதிர். உருளையைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு அதோடு போய்விடும்.