கேமுக்கும் வேண்டும், வளாகத்துக்கும் வேண்டும்: மயிலிட்டியில் ஒரு லப்டொப் தேடிய கதை

அக்காவின் மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் கனடாவிலிருக்கும் சித்தப்பா லப்டொப் வாங்கக் காசு அனுப்பினார். வீட்டில் கொம்பியூட்டர் தெரிந்தவன் நான் என்று ஒரு பெயர் இருப்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"மாமா, கேம் விளையாடக்கூடியதா இருக்கவேணும். சும்மா ரைப் பண்ணுறதுக்கு மட்டும் எண்டா எனக்கு வேண்டாம்" என்றான் மருமகன்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "உது எத்தினை கிலோ?"

அம்மா அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது தையல் மெஷினைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தவர். 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகப் பக்கம் விடுவிக்கப்பட்டு, 27 வருடங்களுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது மெஷினும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை. அவரைப் பொறுத்தவரை தூக்க முடியாத பொருள் அரைவாசிப் பொருள்தான்.

அம்மா கேட்டதுதான் சரியான முதல் கேள்வி என்பது தேடத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் முன்பு எனக்கென்று வாங்கியது இரண்டரைக் கிலோ எடையுள்ள ஒரு கேமிங் லப்டொப். அதன் சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கும். இரண்டையும் பையில் போட்டால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு மாதம் தூக்கித் திரிந்தேன். பிறகு அது மேசையை விட்டு அசையவில்லை. அப்படி வைத்திருப்பதற்கு அதைவிடக் குறைந்த விலையில், அதைவிட வேகமான மேசைக் கணினியே வாங்கியிருக்கலாம்.

மருமகன் மயிலிட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் மாறிப் போகவேண்டும். காலையில் பஸ்ஸில் இருக்கை கிடைக்காது, பை தோளில்தான். எனவே லப்டொப் இரண்டு கிலோவுக்குள், திரை 14 அங்குலம், மிஞ்சினால் 15.6 என்று முதலில் கோடு போட்டேன். கடையில் நல்ல தள்ளுபடி என்று 17 அங்குலத்தைக் காட்டினார்கள். திரும்பியும் பார்க்கவில்லை.

எடைக்கு அடுத்தது சார்ஜர். இதைப் பலர் கவனிப்பதில்லை. கேமிங் லப்டொப்புடன் வரும் பெரிய சார்ஜர் விளையாடும்போதுதான் தேவை. குறிப்பு எழுதவும் புரோகிராமிங் செய்யவும் அவ்வளவு மின்சாரம் வேண்டியதில்லை. யூஎஸ்பி சி வழியாகவும் சார்ஜ் ஏறும் லப்டொப் என்றால், உள்ளங்கை அளவான 65 அல்லது 100 வாட் சார்ஜரை வளாகத்துக்குக் கொண்டுபோகலாம், பெரியதை வீட்டிலேயே விடலாம். ஆனால் யூஎஸ்பி சி துளை இருக்கிறது என்பதற்காக அதில் சார்ஜ் ஏறும் என்று நம்பிவிடக் கூடாது. சிலவற்றில் அது தரவுக்கு மட்டும்தான். விற்பவரிடம் ஒரு சார்ஜரை வாங்கிச் செருகிப் பார்ப்பதே பாதுகாப்பு.

இனி கேம் விஷயம். "கேமிங்" என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கும் சிவப்பு விளக்கு எரியும் விசைப்பலகைக்கும் காசு கொடுக்காமல், உண்மையில் என்ன விளையாடப்போகிறான் என்று உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். வலோரன்ட், ஜிடிஏ 5, கவுன்டர் ஸ்ட்ரைக் 2, "பிறகு புதுசா வாறதும்" என்றான். வலோரன்ட் மிகக் குறைந்த வலுவிலும் ஓடும்படி செய்யப்பட்ட விளையாட்டு. பழைய இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸே அதற்கு அடிப்படைத் தேவையாகச் சொல்லப்பட்டது. ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015இல். இந்த இரண்டுக்கும் இப்போதைய லப்டொப்களில் செயலியோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் போதும். ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்குபோடும். ஒற்றை 8 ஜிபி ராம் உள்ள லப்டொப்பில் அது மூச்சு வாங்கும். அதே லப்டொப்பில் இரண்டு 8 ஜிபி போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

"புதுசா வாறது" என்ற சொல்தான் விலையை ஏற்றுகிறது. அதற்குத் தனிக் கிராபிக்ஸ் வேண்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 லப்டொப்களில் 4 ஜிபி, 6 ஜிபி என இரு வகையாக வருகிறது. 4 ஜிபி உள்ளதை இன்று வாங்காதீர்கள், புதிய விளையாட்டுகளுக்கு அது காணாது. 4050க்கு 6 ஜிபி. 4060க்கும் 2025இல் வந்த 5050, 5060க்கும் 8 ஜிபி.

ஆனால் இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. லப்டொப்பில் வரும் 4060க்கு நிறுவனம் தன் விருப்பப்படி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை மின்சாரம் கொடுக்கலாம். ஒரே பெயர், ஒரே பெட்டி ஸ்டிக்கர். மெல்லிய உடலில் குறைந்த வாட்டில் ஓடும் 4060, தடித்த உடலில் முழு வாட்டில் ஓடும் 4050ஐ எட்டிப் பிடிக்கத் திணறலாம். யாழ்ப்பாணத்தில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இந்த வாட் எண்ணைக் கேட்டபோது ஒருவர்கூட உடனே சொல்லவில்லை. ஒரு கடையில் "எல்லா 4060உம் ஒண்டுதான் அண்ணை" என்றார் தம்பி. தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்த மொடலின் முழு இலக்கத்தைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். நான் கடை வாசலில் நின்று போனில் தேடித்தான் பார்த்தேன்.

ராம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் ராம் போர்டோடு ஒட்டப்பட்டே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. சேமிப்பு 512 ஜிபி என்றால் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே 85 ஜிபி இடம் கேட்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இன்னொரு எஸ்எஸ்டி போட வெற்று இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். திரையின் வேகம் 144 ஹேர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அதைவிட வெளிச்சம் முக்கியம். 250 நிட்ஸ் திரையை எங்கள் வீட்டு விறாந்தையில் பகலில் வைத்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

இடையில் சித்தப்பா போன் எடுத்தார். "இங்கையே வாங்கி ஆரிட்டையும் குடுத்து விடட்டே? மலிவாக் கிடக்கு." புலம்பெயர்ந்த உறவுகள் உள்ள எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. மின்சாரம் பிரச்சினை இல்லை. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் கனடாவின் 120 வோல்ட்டிலும் எங்கள் 230 வோல்ட்டிலும் வேலை செய்யும், வயரை மட்டும் மாற்றினால் சரி. விசைப்பலகைதான் சிக்கல். பிரான்ஸிலிருந்து வந்தால் முதல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். ஜேர்மனி, சுவிஸ் என்றால் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பாமினியில் பழகிய கைக்கும் புரோகிராமிங் குறியீடுகளுக்கும் அது தினமும் தலையிடி. கனடா, லண்டன் என்றால் ஆங்கில விசைப்பலகைதான், ஆனால் உத்தரவாதம் அங்கேயே நின்றுவிடலாம். சென்னையில் ரிச்சி தெருவில் வாங்கி, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கலாம் என்ற யோசனையும் வந்தது. உத்தரவாதக் கேள்வி அதற்கும் பொருந்தும். கேமிங் லப்டொப் சூடாகி உழைக்கும் பொருள். பழுதுபடும் வாய்ப்பு சாதாரண லப்டொப்பைவிட அதிகம். அதனால் இலங்கையிலேயே உத்தரவாதம் உள்ளது வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

பாவித்தது வாங்குவதிலும் பிழையில்லை. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை லப்டொப்கள் இப்போது மலிவாகக் கொட்டிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இனிச் சொல்வது வேறு எங்கும் அச்சடித்திருக்காது. மயிலிட்டியில் ஜன்னல் கம்பி எவ்வளவு கெதியாகத் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். அதே காற்றைத்தான் கேமிங் லப்டொப்பின் விசிறிகள் உள்ளே இழுக்கின்றன. உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஈரம் உலோகத்தைத் தின்னும். வலிகாமத்துச் செம்மண் தூசியும் சேர்ந்தால் வெப்பம் வெளியேறும் தகடுகள் அடைபட்டு, லப்டொப் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு இழுபடத் தொடங்கினால் பெரும்பாலும் இதுதான் காரணம். கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்கக் கூடாது. கட்டிலில் போர்வைக்கு மேல் வைக்கவே கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து தூசி எடுக்க வேண்டும். கீழ்த்தகடு சாதாரண திருகாணியால் கழற்றக்கூடியதா என்பதும் கடையில் கேட்கவேண்டிய கேள்வியே.

மின்சாரக் கட்டணத்தை அத்தான் கணக்குப் பார்த்தார். விளையாடும்போது 150 வாட் இழுத்தால் நாளுக்கு மூன்று மணித்தியாலம், மாதம் பதின்மூன்றரை அலகு. பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டண வீதம் மாறிவிடும். அக்கா வீடு 50க்கும் 60க்கும் இடையில் நின்ற வீடு. இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் விளையாட்டு என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. பற்றரியில் விளையாடலாமே என்று கேட்டான். பற்றரியில் கிராபிக்ஸ் அரைவாசி வலுவுக்கு இறங்கிவிடும், பற்றரியும் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் படுத்துவிடும். சார்ஜ் ஏற்றுவதும் அதே மின்சாரத்தில்தானே.

கடைசியில் எடுத்தது 14 அங்குலம், ஒன்றே முக்கால் கிலோ, 4050, 16 ஜிபி ராம், யூஎஸ்பி சி சார்ஜ். அதே விலைக்கு 4060 உள்ள இரண்டரைக் கிலோ லப்டொப் பக்கத்திலேயே இருந்தது. மருமகனின் கண் அதில்தான். சொன்ன விலையில் வற் சேர்ந்திருக்கிறதா, காசுக்கும் கார்ட்டுக்கும் ஒரே விலையா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சின்னதை மேசையில் வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"ம்ம், தூக்கலாம்" என்றார்.

பெரிய சார்ஜர் இப்போது மயிலிட்டி வீட்டு மேசையிலேயே கிடக்கிறது. பகலில் லப்டொப் வளாகத்தில். எட்டு மணிக்கு முன்பு அவனுடைய தங்கச்சி அதில் பாடம் பார்க்கிறாள். ஒன்பதரைக்கு அத்தான் கூப்பிடும் சத்தம் எனக்குப் பக்கத்து வளவிலிருந்து கேட்கும்.